தவறாமல் உடற்பயிற்சி செய்தும் விண்வெளியில் இதயம் இளைப்பது ஏன்?

வாரத்தில் ஆறு நாட்கள் தவறாமல் உடற்பயிற்சி செய்த ஒருவரின் இதயத்தசை, ஓராண்டுக்குள் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் இளைத்துவிட்டது என்றால் நம்புவீர்களா? நாசாவின் ஸ்காட் கெல்லி 2015 மார்ச் மாதத்தில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குச் சென்று, 340 நாட்கள் தங்கித் திரும்பியபோது அவருடைய இதயத்துக்கு நேர்ந்தது அதுதான். காணொளியை இறுதிவரை பாருங்கள். இந்தப் புதிருக்கான விடையின் பாதி பசிபிக் பெருங்கடலில் கிடைத்தது.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் அந்த நிலையத்திலும் புவியீர்ப்பு ஏறக்குறைய 90 சதவீதம் இருக்கிறது. நிலையமும் அதில் இருப்பவர்களும் சேர்ந்தே பூமியை நோக்கி விழுந்துகொண்டிருப்பதால்தான் எடை தெரிவதில்லை.

நாம் எழுந்து நிற்கும் ஒவ்வொரு நொடியும் ரத்தம் கால்களில் தேங்கப் பார்க்கிறது. மொட்டை மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரைப் போல, நம் இதயம் அந்த இழுவிசைக்கு எதிராக மூளைவரை ரத்தத்தை ஏற்றிக்கொண்டே இருக்கிறது. விண்வெளியில் மேல், கீழ் என்பதே இல்லாததால் அந்தச் சுமை நீங்குகிறது. சுமார் இரண்டு லிட்டர் திரவம் கால்களிலிருந்து மேலுடலுக்கு நகர்ந்துவிட, முகம் உப்புகிறது, மூக்கு அடைக்கிறது, கால்கள் மெலிகின்றன. திரவம் மிகுந்துவிட்டதாகக் கருதும் உடல், சில நாட்களிலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதியைக் குறைத்துக்கொள்கிறது. நிரம்பும் ரத்தமும் குறைந்து, ஏற்றும் வேலையும் குறைந்தபின், இவ்வளவு தசை எதற்கு என்று இதயம் தன்னைச் சுருக்கிக்கொள்கிறது.

இனி நான் மிகவும் ரசித்த பகுதிக்கு வருவோம். பிரான்சில் பிறந்த பெனுவா லெகோம்ட் என்ற நீச்சல் வீரர், 2018 ஜூன் மாதத்தில் ஜப்பானின் சோஷி கடற்கரையிலிருந்து பசிபிக் பெருங்கடலை நீந்திக் கடக்கப் புறப்பட்டார். துணைப்படகின் பாய் சேதமடைந்ததால் பயணத்தைப் பாதியில் நிறுத்த வேண்டியிருந்தபோதிலும், 159 நாட்களில் 2,800 கிலோமீட்டருக்கு மேல், நாளொன்றுக்குச் சராசரியாக ஆறு மணி நேரத்துக்குச் சற்றே குறைவாக அவர் நீந்தியிருந்தார். இவ்வளவு உழைத்தவரின் இதயம் இளைக்காது என்றே ஆய்வாளர்களும் எதிர்பார்த்தார்கள். ஆனால் 2021இல் 'சர்குலேஷன்' என்ற மருத்துவ இதழில் வெளியான ஆய்வின்படி, கெல்லியின் இதயத்தில் உடலெங்கும் ரத்தத்தைச் செலுத்தும் இடது கீழறை வாரத்துக்கு 0.74 கிராம் இளைத்திருந்தது. லெகோம்ட்டின் இடது கீழறை வாரத்துக்கு 0.72 கிராம். இந்த இரண்டு எண்களையும் ஒருமுறை நிதானமாகப் பாருங்கள்! ஒருவர் விண்வெளியில் மிதந்தார், மற்றவர் கடலில் குப்புறப் படுத்து நீந்தினார். இரவில் பல மணி நேரம் படுத்தே உறங்கினார். நிமிர்ந்து நிற்கும் நேரம் இருவருக்குமே பறிபோயிருந்தது. மணிக்கணக்கான மிதமான நீச்சலால் அந்த இழப்பை ஈடுகட்ட முடியவில்லை.

இதைப் பாதிப்பு என்று சொல்லிப் பயமுறுத்துவதை நான் ஏற்கமாட்டேன். இருவருடைய இதயமும் ரத்தத்தை நன்றாகவே செலுத்தியது; சுமைக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்வதுதான் ஆரோக்கியமான இதயத்தின் இயல்பு. உண்மையில் நாம் கவலைப்பட வேண்டியது படுக்கையைப் பற்றி. 1966இல் டல்லாஸில் ஐந்து இளைஞர்களை மூன்று வாரங்கள் படுக்கவைத்து ஆராய்ந்தார்கள்; முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஐவரையும் சோதித்தபோது, முப்பது ஆண்டு முதுமையைவிட அந்த மூன்று வாரப் படுக்கையே அவர்களுடைய உழைப்புத் திறனை அதிகம் குறைத்திருந்தது தெரியவந்தது. வீட்டில் நீண்ட நாள் படுக்கையில் இருந்து தேறியவர்கள் உண்டென்றால், மீண்டும் எழுந்து நடக்க அவர்களுக்கு எது உதவியது என்று கருத்துப் பகுதியில் அவசியம் எழுதுங்கள்.

எலும்பும் தப்புவதில்லை, இடுப்பெலும்பு மாதத்துக்கு ஒரு சதவீதத்துக்கும் மேல் தேய்கிறது.

சிக்கல் பெரிதாவது திரும்பும்போதுதான். தரையில் எழுந்து நின்றதும் ரத்தம் கால்களுக்கு இறங்கி மயக்கம் வரக்கூடும் என்பதால், வீரர்கள் இறங்குவதற்கு முன் உப்பும் நீரும் உட்கொண்டு, கால்களை இறுக்கிப் பிடிக்கும் உடையை அணிந்துகொள்கிறார்கள். கலத்திலிருந்து அவர்களைத் தூக்கி வெளியே எடுக்க ஒரு குழு காத்திருக்கிறது. செவ்வாய்க்குச் செல்பவர்களோ ஆறு முதல் ஒன்பது மாதங்கள் மிதந்துவிட்டு, பூமியின் ஈர்ப்பில் 38 சதவீதம் உள்ள தரையில், தூக்கிவிட யாருமின்றித் தாங்களாகவே எழுந்து நின்று வேலையைத் தொடங்க வேண்டியிருக்கும்.