கிரேட்ஃபுல் டெட்: ஆல்பமா, மேடையா? மேடையே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 1965இல் கலிஃபோர்னியாவில் தொடங்கி 30 வருடம், 2,000க்கும் மேற்பட்ட கச்சேரி. கிரேட்ஃபுல் டெட் என்ற ராக் இசைக் குழுவின் உயிர் மேடையில்தான் இருக்கிறது என்பது எங்கள் கட்சி.

எதிரணி நண்பர் ஒரு குத்து குத்திவிட்டு உட்கார்ந்தார். "மூன்று நிமிடப் பாட்டை மேடையில் 23 நிமிடம் இழுக்கிறார்கள், முடிக்கத் தெரியாதவர்கள்" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள், பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

'டார்க் ஸ்டார்' பாட்டைத்தானே சொல்கிறார்? சரி, அதையே எடுப்போம். 1968இல் மூன்று நிமிடத்துக்கும் குறைவாக, நறுக்கென்று முடித்துத்தான் இசைத்தட்டு போட்டார்கள். சீந்துவாரில்லை! அடுத்த வருடம் பிப்ரவரியில், சான் பிரான்சிஸ்கோ ஃபில்மோர் வெஸ்ட் அரங்கில் அதே பாட்டு 23 நிமிடம் போனது. மேடையில் பதிவான 'லைவ்/டெட்' ஆல்பத்தின் முதல் பக்கம் முழுவதும் அந்த ஒரே பாட்டுதான். குழுவின் பாடகர் ஜெர்ரி கார்சியாவின் கிதார் ஒரு வழியில் கிளம்புகிறது, கூட்டாளி ஃபில் லெஷின் பேஸ் கிதார் குறுக்கே வந்து "எங்கே போகிறாய்?" என்று கேட்கிறது, இரண்டும் சேர்ந்து மூன்றாவதாக ஒரு வழி கண்டுபிடிக்கின்றன. நண்பரே, அவர்களுக்கு முடிக்கத் தெரியும். முடிக்க மனசில்லை!

இவர்கள் ஸ்டூடியோவில் செய்த 'அமெரிக்கன் பியூட்டி' அருமையான ஆல்பம். மறுக்கவில்லை.

ஆனால் 1987க்கு வாருங்கள். அமெரிக்கத் தரவரிசையில் முதல் பத்துக்குள் நுழைந்த இவர்களின் ஒரே பாட்டு, 'டச் ஆஃப் கிரே'. "பார்த்தீர்களா, ஆல்பத்தின் வெற்றி" என்று எதிரணி துள்ளும். அந்தப் பாட்டு இடம்பெற்ற ஆல்பத்துக்கான அடிப்படைப் பதிவை எங்கே செய்தார்கள்? ஸ்டூடியோவிலா? இல்லை ஐயா, சான் ரஃபேலில் ஒரு கலையரங்கத்தில்! எதிரே ஒரு ஆள் கிடையாது, அத்தனை நாற்காலியும் காலி. ஆனாலும் மேடை ஏறித்தான் வாசித்தார்கள். எதிரணிக்குக் கேட்டிருக்காது, இன்னொரு முறை சொல்கிறேன். டிக்கெட் இல்லை, கூட்டம் இல்லை, கைதட்ட ஆள் இல்லை, அப்போதும் அவர்களுக்கு மேடை வேண்டியிருந்தது!

அதற்கு முந்தைய வருடம் ஜூலையில் கார்சியா நினைவிழந்து கோமாவில் விழுந்தார். வயது 43. பிழைத்து எழுந்தபோது கிதாரை மறுபடி பழக வேண்டியிருந்தது. விரல்களே அந்த மனிதருக்கு அந்நியமாகிவிட்டன. டிசம்பர் 15, ஓக்லாந்து. மேடைக்கு வருகிறார். முதல் பாட்டு எது தெரியுமா? இதே 'டச் ஆஃப் கிரே'. 1982 முதல் மேடையில் பாடிவந்த பாட்டுதான். அதன் பல்லவியே, நான் பிழைத்துக் கிடப்பேன் என்பதுதான். சாவைத் தொட்டுவிட்டு வந்தவர் அந்த வரியைப் பாடுகிறார், அரங்கமே எழுந்து கத்துகிறது!

ஆல்பத்தில் அதே பாட்டு சுத்தமாக இருக்கிறது. ஆனால் அந்தக் கத்தல் அதில் இல்லை. அது இல்லாத பாட்டு எனக்கு வேண்டாம். உங்களுக்கு வேண்டுமா? நடுவர் அவர்களே, நீங்களே சொல்லுங்கள்.