பங்காசினான் தகலாக்கின் வட்டார வழக்கா?

அடுத்த கேள்வி. "பிலிப்பைன்ஸில் பேசும் பங்காசினான், அந்த நாட்டில் பரவலாகப் பேசும் தகலாக் மொழியின் வட்டார வழக்குதானே? பங்காசினான் மாகாணத்தில் 31 லட்சம் பேர் இருக்கும்போது மொழி நலிகிறது என்று ஏன் சொல்கிறார்கள்?" என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார்.

வட்டார வழக்கு இல்லைங்க, தனி மொழி. பங்காசினான் மாகாணம் லூசோன் தீவில் லிங்காயேன் வளைகுடாவை ஒட்டி இருக்கிறது. அந்த மொழிக்கு நெருங்கிய சொந்தம் தகலாக் அல்ல, பக்கத்து பெங்கெட் மலைகளில் பேசுகிற இபாலோய். வீட்டைத் தகலாக்கில் பாஹய் என்பார்கள், வடக்கே இலோகோஸ் பகுதியின் மொழியான இலோகானோவில் பலாய், பங்காசினானில் அபோங். ஒன்று என்பதற்கு இவர்கள் சொல்வது சகேய். தகலாக்காரருக்கு அது சுத்தமாகப் புரியாது.

சரி, 31 லட்சத்துக்கு வருவோம். அது மாகாணத்தின் மக்கள்தொகை. அதில் எல்லோரும் பங்காசினான் பேசுகிறவர்கள் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் வடக்கே இலோகோஸ் கரையில் இருந்த இலோகானோக்காரர்கள் நிலம் போதாமல் குடும்பம் குடும்பமாகத் தெற்கே வந்து குடியேறினார்கள். அதனால் கிழக்கே உர்தனேத்தா பக்கம் போனால் காதில் விழுவது இலோகானோதான். மேற்கு முனையில் பொலினாவோவுக்குத் தனி மொழியே உண்டு. பங்காசினான் ஊன்றி நிற்பது நடுவில்: லிங்காயேன், டகுபான், சான் கார்லோஸ், காலாசியாவ், மலாசிக்கி. பேசுகிறவர்கள் 10 லட்சத்துக்கு மேல் இருக்கிறார்கள், அது சின்னக் கூட்டம் இல்லை.

அப்புறம் ஏன் கவலை? டகுபான் மீன் சந்தையில் பாங்குஸ் மீன் வாங்க வருகிறவர் இலோகானோ பேசினால் கடைக்காரரும் இலோகானோவுக்கு மாறிக்கொள்வார். வெளியூர்க்காரர் என்றால் தகலாக். இந்த விட்டுக்கொடுக்கும் குணம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் அதே பழக்கம் வீட்டுக்குள் நுழைந்து, பிள்ளைகளிடமும் தகலாக்கே பேச ஆரம்பிக்கும்போதுதான் மொழி தேய்கிறது. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இது தெரியாது.

பள்ளிக்கூடம் கொஞ்சம் தாங்கிப் பிடித்தது. 2012இல் தொடங்கிய தாய்மொழிக் கல்வித் திட்டத்தில் மூன்றாம் வகுப்பு வரை பங்காசினானிலும் பாடம் நடந்தது. 2024 அக்டோபரில் வந்த குடியரசுச் சட்டம் 12027 அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. ஒரே தாய்மொழிப் பிள்ளைகள் மட்டும் இருக்கிற வகுப்பில் விரும்பினால் தொடரலாமாம். இத்தனை மொழிகள் கலந்து கிடக்கிற மாகாணத்தில் அப்படி ஒரு வகுப்பு அமைவதே அபூர்வம். அதனால்தான் இந்த முடிவு எனக்கு வருத்தமாக இருக்கிறது.