எங்கள் தோலுக்கும் அரிக்கும், எதிரணித் தலைவரே!

நடுவர் அய்யாவுக்கும், மேடையில் இருக்கும் பெரியோருக்கும், கொருக்குப்பேட்டை மக்களுக்கும் வணக்கம். நேரம் குறைவு, அதனால் மாலை மரியாதையெல்லாம் மனசுக்குள் செய்துகொள்கிறேன்.

வீங்கி அரிக்கும் பூச்சிக்கடிக்குக் கைகொடுப்பது வீடா, மருந்துக்கடையா? இதுதான் இன்றைய வழக்கு. நான் வீட்டின் கட்சி. பேச வேண்டியதை வரிசையாக எழுதித்தான் கொண்டுவந்தேன். எதிரணித் தலைவர் பேசி முடித்ததும் அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டேன். அவர் என்ன சொன்னார்? "வடசென்னைக்காரங்களுக்கு எதுக்குய்யா வைத்தியம்? அவங்க தோல்ல குத்தினா கொசுவுக்குத்தான் மூக்கு ஒடையும்!" நீங்களும் சிரித்தீர்கள், கை தட்டினீர்கள். முன் வரிசையில் ஒரு அம்மா, தட்டின கையாலேயே கணுக்காலைச் சொறிந்துகொண்டிருந்தார். அந்த அம்மாவுக்காகவாவது நான் பதில் சொல்லியாக வேண்டும்.

அய்யா, கடிப்பது பெண் கொசு. முட்டை வளர அதற்கு ரத்தம் வேண்டும். குடிக்கும்போது ரத்தம் உறையாமல் இருக்கத் தன் எச்சிலை உள்ளே விடுகிறது. அந்த எச்சிலில் உள்ள புரதம் உடம்புக்கு ஆகாது. உடனே ஹிஸ்டமின் என்கிற அரிப்பூட்டும் பொருள் உடம்பில் சுரக்கிறது, தோல் தடிக்கிறது, அரிக்கிறது. அடையாறில் கடித்தாலும் இதுதான், அத்திப்பட்டில் கடித்தாலும் இதுதான். ஆண்டுக்கணக்கில் ஒரே வகைக் கொசு கடித்துக்கொண்டே இருந்தால் சிலருக்கு உடம்பு அந்த எச்சிலுக்குப் பழகிவிடும், தடிப்பு குறையும். அது மருத்துவம் சொல்லும் உண்மை. ஆனால் பழகும் அளவுக்கு எங்களை யார் கடிக்கவிட்டது? பக்கிங்காம் கால்வாய், கேப்டன் காட்டன் கால்வாய், ஓட்டேரி நல்லா ஓடை, இவையெல்லாம் எங்கள் வீட்டுக்குப் பின்னால்தானே போகின்றன? தேங்கின சாக்கடை நீர்தான் கியூலெக்ஸ் கொசு தேடிப் போய் முட்டையிடுகிற இடம். அதைத் தடித்த தோல் என்று சொல்லிக் கைதட்டல் வாங்கலாமா? இன்னும் பழகாத எங்கள் பச்சைப் பிள்ளைகளை வந்து பாருங்கள். ஒரே ஒரு கடிக்குப் புறங்கை முழுக்க வீங்கியிருக்கும்.

சரி, வீட்டில் என்ன வைத்தியம் இருக்கிறது என்று கேட்டார்கள். காசிமேட்டில் எங்கள் பெரியக்காவைப் பெண் பார்க்க வந்த கதையைச் சொல்கிறேன்.

மாப்பிள்ளை வீட்டார் பத்தரை மணிக்கு வருவதாகப் பேச்சு. விடியற்காலையில் அக்கா எழுந்தாள், இடது கண் எழவில்லை. இமையில் கொசு கடித்திருக்கிறது. இமைத் தோல் மெல்லியது, தளர்ந்தது, சட்டென்று நீர் கோத்துக்கொள்ளும். கண் இருந்த இடத்தில் ஒரு குலோப்ஜாமூன் இருந்தது. அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். செய்தி தெருவுக்குப் போய்விட்டது. எதிர்வீட்டு அத்தை சுண்ணாம்பு டப்பாவோடு வருகிறார். சித்தப்பா பற்பசையைப் பிதுக்கிக்கொண்டே வருகிறார். பின்னால் ஒருவர் தலைவலித் தைலம். ஆயா வாசற்படியில் குறுக்கே நின்றார். "எவனாவது பொண்ணு கண்ணாண்ட கைய இட்டுனு வந்தீங்க, கைய ஒடச்சிப்புடுவேன்!"

இதைக் கவனியுங்கள், நடுவர் அவர்களே. வீட்டு வைத்தியம் என்றதும் எதிரணி சுண்ணாம்பையும் தைலத்தையும் கொண்டுவந்து நிறுத்தியது. சுண்ணாம்பு தோலைப் புண்ணாக்கும், தைலம் கண்ணை எரிக்கும். அதைத் தடுத்து நிறுத்தியதும் எங்கள் வீடுதான்!

அண்ணனைக் கூப்பிட்டார் ஆயா. "ஆர்பருக்கு ஓடு. மீன்ல பட்ட ஐஸு வாணாம், மிஷின்லருந்து உழறத வாங்கினு வா." அண்ணன் போனான். ஒரு விசைப்படகுக்கே போதும் போல ஒரு பாளத்தைத் தோளில் சுமந்துகொண்டு வந்து நின்றான். சட்டை முழுக்க ஈரம், பல் தந்தியடிக்கிறது. ஆயா அதில் ஒரு மூலையை அம்மிக்குழவியால் உடைத்து, பிளாஸ்டிக் பையில் போட்டு, துவைத்த வேட்டித் துணியில் சுற்றினார். ஐஸை அப்படியே தோலில் வைக்கக் கூடாது, தோல் கெட்டுவிடும். முகத்தைக் கழுவி, தலைக்கு இரண்டு தலையணை கொடுத்து, இமை மேல் பத்து நிமிடம் ஒத்தடம், அப்புறம் கொஞ்சம் விட்டு மறுபடி. குளிர்ச்சி பட்டால் ரத்தக் குழாய் சுருங்கும், வீக்கம் ஏறாது, நரம்பு மரத்து அரிப்பு அடங்கும்.

பத்தரைக்குக் கண் பாதி திறந்துவிட்டது. மாப்பிள்ளை உள்ளே வந்தார், கொடுங்கையூர்க்காரர். வந்தவர் நெற்றியில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டே உட்கார்ந்தார். பேசும்போதும் எடுக்கவில்லை, பஜ்ஜி சாப்பிடும்போதும் எடுக்கவில்லை. ஆயாவுக்குப் பொறுக்கவில்லை, எழுந்து போய்க் கைக்குட்டையை இழுத்தார். நெற்றி நடுவில் சிவந்து புடைத்த ஒரு தடிப்பு! "அட, உன்னியும் கடிச்சிருச்சா?" அண்ணன் கொண்டுவந்த ஐஸ் மலைபோல் மிச்சம் இருக்கிறதே! இந்தப் பக்கம் பெண் கண்ணில் துணி, அந்தப் பக்கம் மாப்பிள்ளை நெற்றியில் துணி, நடுவில் பஜ்ஜித் தட்டு. அப்படியே தாம்பூலம் மாற்றிக்கொண்டார்கள்.

இதே கதையை அந்த மாப்பிள்ளை, அதாவது எங்கள் மாமா, வேறு மாதிரி சொல்வார். "என்னிய எந்தக் கொசுவும் கடிக்கல மச்சான். பொண்ணு கண்ணு வீங்கிக் கெடக்குதுன்னு தரகர் தெருமொனையிலயே சொல்லிட்டாரு. அது மட்டும் கூச்சப்பட்டுக் குந்தியிருக்கணுமான்னு நானே நெத்தியச் சொறிஞ்சி செவக்க வச்சினு வந்தேன்." ஆயா கடைசிவரை இதை நம்பவில்லை. அக்கா நம்புகிறாள்!

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய தங்கை, 1897இல் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டதை அழகாகச் சொன்னார். ஆனால் தங்கச்சி, அது காய்ச்சலின் கதை. காய்ச்சல் வந்தால் நாங்களே ஆஸ்பத்திரிக்கு ஓடுவோம். கடித்த இடத்தில் கறுத்த பொருக்கு, கூடவே காய்ச்சல் என்றால் சிற்றுண்ணி கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸாக இருக்கலாம், அதற்கு டாக்டர்தான். சிவப்பு பரவினாலும் சீழ் வைத்தாலும் அப்படியே. உதடு, நாக்கு வீங்கி மூச்சு முட்டினால் ஒரு நொடி காத்திருக்கக் கூடாது, 108. இதைக் கண்டுபிடித்து ஓடுவதும் வீட்டில் இருப்பவர்தான். மற்றபடி ராத்திரி இரண்டு மணிக்கு அரிக்கும் தடிப்புக்கு எந்தக் கடை திறந்திருக்கும்? சோப்பு போட்டுக் கழுவு, ஈரத்துணி வை, ஆப்பசோடாவைத் தண்ணீரில் குழைத்துச் சிறிது நேரம் போட்டுக் கழுவிவிடு, கண் பக்கம் மட்டும் போகாதே. பிள்ளைக்கு நகத்தை வெட்டிவிடு, சொறிந்து புண்ணானால்தான் சீழ் பிடிக்கும். கலமைன் லோஷன் வீட்டில் இருக்கிறதா? தாராளமாகத் தடவு.

நடுவர் அவர்களே, மணி அடிக்க விரலை வைத்துவிட்டீர்கள், ஒரு நிமிடம் கொடுங்கள். எங்கள் அம்மா மீன் ஏலத்தில் வாங்கி, கூடையில் ஐஸ் போட்டுத் தெருத்தெருவாக விற்றவர். பொழுதுக்கும் ஐஸில் அளைந்த கை. விரல் இடுக்கெல்லாம் வெடிப்பு, அதில் உப்பு இறங்கி எரியும். வீட்டுக்குள் வந்ததும் நாங்கள் ஓடிப்போய், கடித்துத் தடித்த கன்னத்தையும் காலையும் அந்த உள்ளங்கையில் வைப்போம். தன் கை எரிகிறது என்று ஒருநாளும் சொன்னதில்லை. கரண்ட் போன ராத்திரிகளில் காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டே, இன்னொரு கையால் நாங்கள் சொறியாமல் எங்கள் விரலைப் பிடித்துக்கொண்டிருப்பார். அவரையும்தான் கடித்தது. தன்னைச் சொறிந்துகொள்ள அவருக்கு எந்தக் கை மிச்சம் இருந்தது?

எதிரணித் தலைவரே, அந்தத் தோலைப் பார்த்தா தடித்த தோல் என்றீர்கள்? நடுவர் அவர்களே, எங்கள் அம்மாவுக்காக ஒரு முறை சொல்லுங்கள், வீடுதான் என்று. நன்றி, வணக்கம்.