அலுமினியம் செவக்காதுங்க

வணக்கமுங்க. கோயம்புத்தூர்ல சின்னதா ஒரு வெல்டிங் பட்டறை வச்சிருக்கேன். டிக் வெல்டிங்ல, அதாவது டங்ஸ்டன் கம்பி முனைல ஆர்க்குன்னு சொல்ற மின்பொறி போட்டு உருக்கி ஒட்டற முறைல, அலுமினியம் ஒட்டறது எப்படின்னு புதுசா கத்துக்கறவங்களுக்குப் பேசச் சொல்லிக் கூப்பிட்டிருக்காங்க.

மொதல்ல மெஷின். கடைல கம்மி விலைக்கு வர்ற டிக் மெஷின் நெறைய வெறும் டிசி தான், ஸ்டீலுக்கு அருமையா ஓடும், சாதாரணமா அலுமினியத்துக்கு ஏசி இருந்தாகணும், கேட்டு வாங்குங்க. ஏன்னா அலுமினியத்து மேல கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு தோல் ஒண்ணு எப்பவும் இருக்கும். உள்ள இருக்கற அலுமினியம் 660 டிகிரிலயே உருகிரும், அந்தத் தோலு உருக 2000 டிகிரிக்கும் மேல வேணும். அதாவது உள்ள தண்ணியாயிருச்சு, மேல தோல் அப்படியே நிக்குது. ஏசில கரண்ட் திசை மாறி மாறி ஓடறப்ப ஒரு பாதி அந்தத் தோலை ஒடைச்சு எடுக்கும், மறுபாதி சூட்டை உள்ள எறக்கும். அவ்வளவு தான் விஷயம்.

இரும்பு காஞ்சா செவக்கும், ஆரஞ்சாகும், இதோ உருகப் போறேன்னு சொல்லிட்டுத் தான் உருகும். அலுமினியம் வாயே தொறக்காதுங்க. செவக்காது, திடீர்னு பொத்துனு கீழ விழுந்துரும். நான் மொதமொதல்ல கை வச்சது விரிசல் விட்ட ஒரு பால் கேன், நிறம் மாறும் மாறும்னு பாத்துட்டே இருந்தேன், விரல் போற அளவு ஓட்டை! அதுலயும் விரிசலுக்குள்ள பழைய பால் பிசுக்கு இருந்துருக்கு, ஒட்டுன எடமெல்லாம் கருப்பா பொடிப்பொடி ஓட்டை.

அதனால சுத்தம் தான் பாதி வேலை. அசிட்டோன் போட்டு எண்ணெய் பிசுக்கைத் தொடைச்சு, நல்லா காய விட்டு, அப்புறம் எஸ்எஸ் (துருப்பிடிக்காத ஸ்டீல்) பிரஷ்ல தேய்க்கணும். அந்த பிரஷ்ஷை இரும்புல வைக்கவே கூடாது, எங்க பட்டறைல அதுக்குன்னு தனியா பெயிண்ட் அடிச்சு வச்சிருக்கேன், அப்படியும் பசங்க எடுத்துருவாங்க.

பழகறதுக்கு 3 மில்லி தகடு எடுத்துக்கோங்க, ரொம்ப மெல்லிசு வேண்டாம். 120 ஆம்ப்ஸ் பக்கத்துல வைங்க, குளத்துல காத்து படாம காக்கற சுத்தமான ஆர்கான் வாயு நிமிஷத்துக்கு 8லேர்ந்து 10 லிட்டர், 2.4 மில்லி டங்ஸ்டன். மொத ஒரு வாரம் ராடையே, அதாவது குளத்துல உருக்கிச் சேக்கற கம்பியையே, தொடாதீங்க. வெறும் ஆர்க் போட்டுப் பாத்தா, மங்கலா இருக்கற எடம் திடீர்னு கண்ணாடியாட்டம் பளபளன்னு குளமாகும், அது தான் சிக்னல், அதைக் கண்ணு புடிச்சதுக்கப்புறம் தான் ராடு. ராடை ஆர்க்ல காட்டி உருக்கி ஊத்தக் கூடாது, குளத்தோட முன் ஓரத்துல தொட்டுத் தொட்டு எடுக்கணும். தகடு போகப்போக சூடேறிட்டே இருக்கும், அதனால கடைசிப் பக்கம் கரண்டைக் கூட்டிக் கொறைக்கற கால் பெடலைக் கொஞ்சம் விடணும், இல்லாட்டி முடியற எடத்துல பள்ளம்.

ராடுல 4043ங்கற நம்பர் ரகம் நல்லா ஓடும், ஆனா அனோடைசிங் (மின்சாரம் வச்சு மேல ஆக்சைடு தோலைத் தடிப்பாக்கறது) போடற சாமான்னா ஒட்டுன எடம் சாம்பலாத் தெரியும், அதுக்கு 5356.

டங்ஸ்டன் குளத்துல பட்டுருச்சுன்னா நிறுத்திட்டு முனையைத் தீட்டிட்டு வாங்க, சோம்பேறித்தனப்பட்டு அப்படியே ஓட்டுனா ஆர்க் அலைபாயும்.

அப்புறம் சட்டை, முழுக்கை காட்டன், கழுத்து பட்டன் வரைக்கும் போடணும், அலுமினியத்துல வெளிச்சம் திருப்பி அடிக்கும். அந்தப் பால் கேன் அன்னைக்கு நான் மேல் பட்டனைத் தொறந்து விட்டுட்டு உக்காந்தேன், ராத்திரி கழுத்துல வி மாதிரி செவப்பா, துண்டு பட்டாலே எரிச்சல். அலுமினியம் செவக்கல, நான் செவந்துட்டேன்.