மீற்றரைப் பார்க்கிறோம், மாதத்தைப் பார்ப்பதில்லை

வணக்கம் நேயர்களே. கொழும்பில் கார் வைத்திருக்கிறவர்கள் என்னைக் கண்டால் கேட்கிற முதல் கேள்வி, “ஒயில் எத்தனை கிலோமீற்றருக்கு ஒருக்கால் மாத்தோணும்?” என்பதுதான். நான் திருப்பிக் கேட்பது, “கார் எப்படி ஓடுது, கடைசியா எப்ப மாத்தினீங்கள்?” என்று. முதல் கேள்விக்குப் பதில் அந்த இரண்டிலும்தான் இருக்கிறது.

சேர்விஸ் முடிந்ததும் கண்ணாடியின் மூலையில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். பெரும்பாலும் அடுத்த 5,000 கிலோமீற்றர். அந்த எண் வரும்வரை போனட்டைத் திறக்காதவர்கள் நிறையப் பேர்.

வெள்ளவத்தையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். மாஸ்டர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். காரைக் கண்ணாடி மாதிரி வைத்திருப்பார். காலையில் கோவில், பிறகு சந்தை, பின்னேரம் பேத்தியை பம்பலப்பிட்டியில் வகுப்பில் விடுவது, அவ்வளவுதான் ஓட்டம். ஒருநாள் கராஜுக்கு வந்து, “தம்பி, காலமை ஸ்டார்ட் பண்ணேக்க டக் டக் எண்டு ஒரு சத்தம்” என்றார். ஒயில் மாற்றியது எப்போது என்று கேட்டேன். “மீற்றரைப் பாரும், இன்னும் 5,000 ஓடேல்லை” என்றார். உண்மைதான், பாதிகூட ஓடியிருக்கவில்லை. ஆனால் ஸ்டிக்கரில் இருந்த திகதிக்கு இரண்டு வருஷம் கடந்துவிட்டது.

ஒயில் அளவு பார்க்கிற கம்பியை, அதுதான் டிப்ஸ்டிக்கை, இழுத்து மூக்கருகே பிடித்தேன், பெற்றோல் மணம். விரலில் தேய்த்தால் தண்ணீர் மாதிரி இளகியிருந்தது. ஒயில் ஊற்றுகிற மூடியைக் கழற்றினால் அடியில் தார் போலக் கறுப்புப் படிவு. அடித்தட்டைக் கழற்றிப் பார்த்தபோது, ஒயிலை மேலே இழுக்கிற குழாயின் வாயில் இருக்கும் சல்லடை பாதி அடைபட்டிருந்தது. அந்தச் சல்லடை முழுதாக அடைபட்டால் எஞ்சினுக்கு மேலே ஒயில் ஏறாது. மாஸ்டர் அதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

ஏன் அப்படி ஆனது? குளிர்ந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆகும்போது பெற்றோல் கூடுதலாகப் பாயும். எரியாத கொஞ்சம் பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே ஒயிலோடு கலக்கும். பெற்றோல் எரியும்போது உண்டாகிற நீராவியும் அப்படியே இறங்கும். ஒயில் நன்றாகச் சூடாகி, அந்தச் சூடு கொஞ்ச நேரம் நிலைத்தால்தான் இவை ஆவியாகிப் போகும். டேஷ்போர்டில் தண்ணீரின் சூடு சரியாகக் காட்டிய பிறகும் ஒயில் சூடாக இன்னும் நேரம் பிடிக்கும். வெள்ளவத்தையிலிருந்து பம்பலப்பிட்டி போய்ச் சேருவதற்குள் அது நடக்காது. அதற்கு மேல் காலி வீதி நெரிசல். கார் நிற்கிறது, மீற்றர் ஓடவில்லை, ஆனால் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்த நேரத்தை எந்த ஸ்டிக்கரும் கணக்கெடுப்பதில்லை.

இதே கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வான் ஓட்டுகிற ஒருவரும் எங்களிடம் வருவார். ஒரு பக்கம் கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர். அவர் சில வாரங்களில் ஓடி முடிக்கிற 5,000, மாஸ்டரின் 5,000 அல்ல. நீண்ட தூரம் ஒரே சீராகப் போவது ஒயிலுக்கு நல்லது. திரும்பவும் சொல்கிறேன், ஓட்டம் எப்படி என்று பாருங்கள், மாதத்தையும் பாருங்கள்.

நம் வீதிகளில் ஓடுகிற கார்களில் நிறைய ஜப்பானிலிருந்து பாவித்து வந்தவை. கையேடு ஜப்பானிய மொழியில் என்பதால் யாரும் திறப்பதில்லை. ஜப்பானில் டொயோட்டா, டர்போ இல்லாத தன் பெற்றோல் கார்களுக்குப் பொதுவாகச் சொல்வது 15,000 கிலோமீற்றர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது. கடுமையான பாவனை என்றால் அதில் பாதி, 7,500 அல்லது 6 மாதம். கொழும்புக்குள்ளேயே சுற்றுகிற காரை நான் இரண்டாவது கணக்கில்தான் சேர்ப்பேன். சாதாரண மினரல் ஒயில் என்றால் 5,000 அல்லது 6 மாதம். டர்போ வண்டிக்கு இன்னும் முந்த வேண்டும். ஹைபிரிட் வைத்திருப்பவர்கள், எஞ்சின் பாதி நேரம் தானே ஓடுகிறது என்று தள்ளிப்போட வேண்டாம். அது அடிக்கடி நின்று ஆறி, திரும்ப ஓடுகிற எஞ்சின்.

ஆனால் 3,000க்கு ஒருமுறை மாற்றச் சொல்வதையும் நான் ஏற்கமாட்டேன். 2022க்குப் பிறகு ஒயில் விலை எங்கே நிற்கிறது என்று உங்களுக்கே தெரியும். நல்ல ஒயிலைக் கறுத்துவிட்டது என்பதற்காக வடித்து ஊற்றுவது வீண் செலவு. அழுக்கைத் தன்னுள் ஏந்திக்கொள்கிறது என்பதால்தான் அது கறுக்கிறது.

அப்புறம் டிப்ஸ்டிக். மாதம் இரண்டு தரம், சமதரையில், எஞ்சினை நிறுத்திச் சில நிமிடம் கழித்து. இழுத்துத் துடைத்து, திரும்ப விட்டு எடுத்துப் பாருங்கள். கீழ்க் கோட்டுக்குக் கீழே போக விடாதீர்கள். பழைய எஞ்சின் ஒயில் குடிக்கும். மாற்றுகிற நாள் வருமுன்னே குறைந்துவிடும். 0W-20 என்ற மெல்லிய ஒயில் கேட்கிற எஞ்சினுக்கு, தடிப்பாக இருக்கட்டும் என்று 20W-50 ஊற்றாதீர்கள். அந்த எஞ்சினுக்குள் ஒயில் போகிற துளைகள் மெல்லிய ஒயிலுக்கென்று செய்தவை.

நேரம் முடிகிறது என்று ஸ்டூடியோக் கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள். போலி ஒயில் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்கிறேன். ஒயில் கானின் சீல் உங்கள் முன்னால் உடைபட வேண்டும். ஒயில் மாற்றும்போது பில்டரையும் மாற்றுங்கள். வெறும் கானை ஓட்டை போட்ட பிறகே எறியுங்கள், அதில் வேறு எதையோ நிரப்பி விற்பவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் மாற்றுகிறவர்கள் பழைய ஒயிலை வடிகாலில் ஊற்றாமல் ஒரு கானுக்குள் ஊற்றி மூடி, சேர்விஸ் ஸ்டேஷனில் கொடுங்கள். வெள்ளவத்தைக் கால்வாயில் அது போய்ச் சேரக்கூடாது. நன்றி, வணக்கம்.