தொலைந்த பந்துக்கு எத்தனை அடி?

வணக்கம் நேயர்களே. சிங்கப்பூரில் கோல்ஃப் ஆடக் கட்டணம் அதிகம் என்பதால், நாங்கள் நால்வரும் மாதம் ஒருமுறை விடியுமுன் உட்லண்ட்ஸ் பாலத்தைக் கடந்து ஜோகூருக்குச் சென்று ஆடுகிறோம். தோற்றவர் மற்றவர்களுக்குக் காலைப் பசியாற வாங்கித் தர வேண்டும் என்பதே எங்கள் பந்தயம். அந்தச் சிறிய பந்தயத்தில்தான் சென்ற முறை ஒரு மனத்தாங்கல் வந்தது.

ஏழாம் குழியில் நான் டீயிலிருந்து, அதாவது அந்தக் குழிக்கான முதல் அடியை அடிக்கும் இடத்திலிருந்து, அடித்த பந்து வலப்புறம் வளைந்து உயரமான லாலாங் புல்லுக்குள் புகுந்துவிட்டது. சிறிது நேரத்தில் நண்பர் ஒருவர், "இதோ கிடக்கிறது, அடியுங்கள் அண்ணே" என்றார். அதே நிறுவனத்தின் பந்து, அதே எண் 3. ஆனால் என் பந்தில் நான் குறி எதுவும் இடாததால், அது என்னுடையதுதான் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தன்னுடையது என்று அடையாளம் காண முடியாத பந்து காலடியில் கிடந்தாலும், விதிப்படி அது தொலைந்த பந்துதான்; பிறருடைய பந்தை அடித்துவிட்டால், அடிகளை எண்ணும் ஆட்டத்தில் இரண்டு அடி தண்டம்.

தேடும் நேரமும் முடிந்துவிட்டது. முன்பு ஐந்து நிமிடமாக இருந்த அந்த நேரத்தை 2019இல் மூன்றாகக் குறைத்தார்கள். பந்துக்குரியவர் தேடத் தொடங்கியதிலிருந்துதான் அது கணக்காகும் என்பதால், நண்பர்கள் முந்திச் சென்று தேடிய நேரம் அதில் சேராது.

விதிப்படி டீக்குத் திரும்பி மறுபடி அடிக்கலாம் என்றால், பின்னால் இரண்டு ஃபிளைட், அதாவது ஆட்டக் குழுக்கள், காத்திருந்தன. "ஒரு அடி சேர்த்துக்கொண்டு இங்கேயே போட்டு அடியுங்கள்" என்றார் இன்னொருவர். அன்பான யோசனைதான், ஆனால் கணக்கு நியாயமில்லை. டீக்குத் திரும்பினால், தொலைந்த பந்துக்கான ஓர் அடி தண்டத்தோடு அங்கே அடிப்பது மூன்றாவது அடி. அது நன்றாக விழுந்தால் அங்கிருந்து அடிப்பது நான்காவது. அவர் சொன்னபடி செய்தால், அடிக்காத ஓர் அடியின் தூரம் எனக்கு இலவசமாகக் கிடைத்துவிடும்.

இதற்காகவே 2019 முதல் ஒரு மாற்று உள்ளூர் விதி இருக்கிறது. பந்து தொலைந்த இடத்துக்கு நேராக, குழிக்கு நெருங்காமல், புல்லைக் குட்டையாக வெட்டி வைத்திருக்கும் ஃபேர்வேயின் ஓரம்வரை வந்து பந்தைப் போட்டுக்கொள்ளலாம். தண்டம் இரண்டு அடி. ஆகவே அடுத்தது நான்காவது அடி, டீக்குத் திரும்பி நன்றாக அடித்தவரின் கணக்கேதான். கிளப் அறிவித்திருந்தால்தான் இது செல்லும். ஹேண்டிகேப் என்னும் ஆட்டத்திறன் கணக்குக்குப் பதியாத நட்பு ஆட்டத்தில், முதல் டீயிலேயே நால்வரும் பேசி வைத்துக்கொள்வதில் தவறில்லை என்பது என் கருத்து. நாங்கள் பேசி வைத்திருக்கவில்லை.

உண்மையில், டீயில் நின்றபோதே நான் இன்னொரு பந்தை அடித்து வைத்திருக்க வேண்டும். அப்போது அது புரொவிஷனல், அதாவது முதல் பந்து கிடைக்காவிட்டால் ஆடுவதற்கான தற்காலிகப் பந்து, என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வெறுமனே "இன்னொன்று அடிக்கிறேன்" என்றால், முதல் பந்து பிறகு கிடைத்தாலும் பயனில்லை, இரண்டாவதுதான் ஆட்டப் பந்து.

குரங்கு பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடினால் என்ன செய்வது என்று சென்ற காணொளிக்குப் பிறகு ஒரு நேயர் கேட்டிருந்தார். அது எடுத்ததை யாராவது கண்டிருந்தால் தண்டமில்லை. பந்து இருந்த இடத்தை மதிப்பிட்டு அங்கேயே வேறொன்றை வைத்து ஆடலாம்.

அன்று முன்பே பேசி வைத்திருக்காவிட்டாலும், நான் அந்த மாற்று விதிப்படி இரண்டு அடி சேர்த்துக்கொண்டு அந்தக் குழியை ஏழு அடிகளில் முடித்தேன். "வீண் பிடிவாதம்" என்று, ஒரு அடி போதும் என்ற நண்பர் இரண்டு குழிகள்வரை முகங்கொடுத்துப் பேசவில்லை. இறுதியில் ஒரே அடியில் தோற்றேன். ரொட்டி சானாய்க்கும் தே தாரிக்கும் நான்தான் பணம் கொடுத்தேன். இப்போது பையிலுள்ள பந்துகள் எல்லாவற்றிலும் சிவப்பு மையால் மூன்று புள்ளிகள் இட்டிருக்கிறேன். இதோ, கேமராவுக்கு அருகே காட்டுகிறேன், பாருங்கள்.