ஆற்றில் விட வந்த வேட்டி

(அம்பாசமுத்திரத்தில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியது. இருமலை நீக்கிவிட்டு, சொல்ல மறந்த இரண்டு வாக்கியங்களைச் சேர்த்திருக்கிறேன்.)

அவைத் தலைவர் அவர்களே, சொந்தக்காரர் வீட்டுச் சடங்கைப் பாதியில் விட்டுவிட்டு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நகராட்சி உறுப்பினர் அவர்களே, பத்தமடையிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கும் ஜமாத் பெரியவர் அவர்களே, கோயில் அறங்காவலர் அண்ணாச்சி அவர்களே, நாற்காலியும் மைக்கும் இலவசமாகத் தந்துவிட்டு, பேரைச் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்ட பந்தல்காரத் தம்பி அவர்களே, தாய்மார்களே, வணக்கம். போர்த்திய துண்டுக்கு நன்றி. போன கூட்டத்தில் பாலியஸ்டர் போர்த்தி வியர்க்க வைத்தார்கள். இது பருத்தி.

பண்பாட்டைக் காக்க மக்களுக்கு உரிமை உண்டா? இதுதான் எனக்குக் கொடுத்த தலைப்பு. சட்டம், ஆறு, மொழி என்று மூன்றாகப் பிரித்துக்கொள்கிறேன்.

சட்டத்தில் சந்தேகமே இல்லை. தனி மொழியோ எழுத்தோ பண்பாடோ உள்ள எந்தப் பிரிவினருக்கும் அதைப் பேணிக்காக்கும் உரிமை உண்டு என்று அரசியலமைப்பின் 29ஆவது பிரிவு சொல்கிறது. ஜல்லிக்கட்டு கதை உங்களுக்குத் தெரியும். 2014இல் உச்ச நீதிமன்றம் தடை போட்டது, 2017இல் மெரினாவில் பிள்ளைகள் கூடினார்கள், சட்டத்தைத் திருத்தினார்கள், 2023இல் அந்தத் திருத்தம் செல்லும் என்று அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஆனால் எங்கப்பா பலசரக்குக் கடையில் கணக்கு எழுதியவர். 'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்று நாளைக்கு நாலு தடவை சொல்வார். உரிமைக்கும் அந்த அளவு வேண்டும். இந்தத் தெருவில் செருப்புப் போட்டு நடக்காதே என்று சொன்னவர்களும் 'இது எங்கள் பழக்கம்' என்றுதான் சொன்னார்கள். அதனால்தானோ என்னவோ, தீண்டாமையை ஒழித்த பிரிவுக்கு எண் 17. 29க்கு வெகு முன்னாலேயே வந்துவிடுகிறது. பண்பாடு என்று யாராவது கொடி பிடித்தால், முதலில் 17ஐத் தாண்டி வரட்டும்.

சரி, ஆற்றுக்கு, நம் தாமிரபரணிக்கு வருகிறேன். அக்கரையில் கல்லிடைக்குறிச்சி. 1982இல் அங்கே கோயிலில் திருடுபோன நடராசர், ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு அருங்காட்சியகம் வரைக்கும் போய் நின்றார். 2019இல் திரும்பி வந்தார். 37 வருஷம்! திருடியவனைப் பிடிக்கலாம், சிலையை மீட்கலாம். நாமே கொண்டுபோய்ப் போடுவதை யாரிடம் போய் மீட்பது?

ஓர் ஆடி அமாவாசைக்குப் பாபநாசம் போயிருந்தேன். படித்துறையில் கால் வைக்க இடமில்லை. எனக்கு முன்னால் ஒரு குடும்பம், வெளியூர். தர்ப்பணம் முடித்தார்கள், பரிகாரம் என்று கட்டியிருந்த சேலையை அவிழ்த்து ஆற்றில் விட்டார்கள். ஒன்றல்ல, மூன்று. முப்பது வருஷம் வாத்தியாராக இருந்த வாய் சும்மா இருக்குமா? "ஏன் தம்பி, ஆத்துல துணி போடலாமா?" என்றேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "சார், இது எங்க பண்பாடு. சட்டத்துலயே உரிமை இருக்கு."

எனக்கே 29ஆவது பிரிவு! நான் விடவில்லை. சேலையை இழுக்கலாம் என்று இரண்டு படி இறங்கினேன். மூன்றாவது படியில் பாசி. போன வாரம் யாரோ விட்ட சேலை ஒன்று அடியில் கிடந்து கணுக்காலைச் சுற்றிக்கொண்டது. மூக்குக் கண்ணாடி போயிற்று. கட்டியிருந்த வேட்டியும் போயிற்று, தாய்மார்கள் மன்னிக்க வேண்டும். அணையில் தண்ணீர் திறந்திருந்த நேரம் வேறு. அப்போது அந்தக் குடும்பத்துப் பாட்டி, ஆற்றில் விடுவதற்காக மகன் வைத்திருந்த சரிகை வேட்டியைப் பிடுங்கி ஒரு முனையை என் பக்கம் வீசினார். "புடிங்கய்யா, விட்டுராதீங்க!" நாலு பேர் இழுத்து என்னைக் கரையில் போட்டார்கள்.

மகன் பழையபடி அந்த வேட்டியை ஆற்றில் விடப் போனார். பாட்டி கையைத் தட்டிவிட்டார். "ஒரு உசுரக் காப்பாத்துன துணிடா. அவருக்கே கட்டிவிடு." அதைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தால் வாசலில் என் வீட்டுக்காரி: "காவி வேட்டியோட போனீங்க, சரிகை வேட்டியோட வாறீங்க. யாரு வீட்டுக் கல்யாணம்?" பரிகார வேட்டி என்றதும் உள்ளே விடவில்லை. மூன்று நாள் திண்ணைக் கொடியிலேயே கிடந்தது. அப்புறம் அதே கை கஞ்சி போட்டுத் தேய்த்தும் தந்தது.

இதைச் சிரிக்கச் சொன்னேன். ஆனால் பத்தமடைப் பெரியவர் சிரிக்கவில்லை, கவனித்தேன். அவர்கள் ஊர்ப் பட்டுப்பாயில் நீளவாக்கில் ஓடும் பாவு பருத்தி நூல், குறுக்கே ஓடும் ஊடை ஆற்றங்கரைக் கோரை. கோரையைக் கீறி, காயவைத்து, ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட வேண்டும். அப்போதுதான் நார் நாராகக் கிழியும். 1953இல் எலிசபெத் ராணி முடிசூடியபோது இங்கிருந்து பாய் போயிற்று. புவிசார் குறியீடும் வாங்கியாயிற்று. முஸ்லிம் பெண்கள் நெய்கிற பாயில் இந்து மணமக்கள் பேர் ஏறுகிறது, இதைவிடப் பண்பாடு என்று எதைச் சொல்ல? அதற்கு ஓடுகிற நல்ல தண்ணீர் வேண்டும். பாபநாசத்தில் துணி, கீழே போகப்போக ஊர்ச் சாக்கடை. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றார்கள், நாம் அளக்காமல் கொட்டுகிறோம். பரிகாரம் செய்பவருக்குப் பண்பாட்டு உரிமை உண்டென்றால், கோரை ஊறவைக்கிறவளுக்கு இல்லையா? அவள் உரிமை ஆற்றோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பரிகாரத் துணியைக் கரையில் ஒரு தொட்டியில் போட்டால் எந்தச் சாமியும் கோபித்துக்கொள்ளாது.

மூன்றாவது, மொழி. தலைவர் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்துவிட்டார், அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.

வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்குப் பாபநாசம் படித்துறையில் துணி அள்ளுகிறோம். டிராக்டர் தருவதாக நகராட்சி உறுப்பினர் சற்று முன்தான் சொன்னார். இத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டேன், இனி மாற முடியாது. நீளக் கம்பும் துறட்டியும் இருப்பவர்கள் கொண்டு வாருங்கள். நீச்சல் தெரியாதவர்கள் என்னைப் போலக் கரையில் நின்றால் போதும். டீ அறங்காவலர் அண்ணாச்சி கணக்கு. வணக்கம்.